மரத்தடிக்குப் போன கணக்கு

செம்பனைத் தோட்டத்தில் குலை விழுவது மரத்தடியில். அந்தக் குலையைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படுவது ஆபிஸில். ஜொகூரில், குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக உத்தியோகம் பார்த்தவன் நான். யார் பெரட்டுக்கு (காலைப் பெயரழைப்புக்கு) வந்தார்கள், எந்தக் காட்டில் (தோட்டப் பிரிவில்) யார் எத்தனை குலை வெட்டினார்கள், எத்தனை சாக்கு உதிரிப் பழம் சாலைக்கு வந்தது, முதல்நாள் மழைமானியில் எவ்வளவு நீர் நின்றது என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி, மாதக் கடைசியில் மேனேஜர் மேசையில் வைப்பது என் வேலை.

கணக்கே பார்க்காமல் எடுத்த முடிவால் தோட்டம் நட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். கணக்கை மட்டுமே பார்த்து எடுத்த முடிவால் ஜனங்கள் கஷ்டப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் பின்னதைத்தான் சொல்வேன். வாய்ப்பேச்சாகச் சொன்னதை யாராவது மறுத்துப் பேசலாம். தாளில் எண் போட்டுக் காட்டிவிட்டால் பாட்டாளி என்ன பதில் சொல்வான்? அவனிடம் பதில் இருக்கும். ஆனால் அது வேலைக்காட்டில் இருக்கும். அந்தப் பதிலைப் போய்ப் பார்த்து, எழுதிக் கொண்டுவந்து, எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க ஓர் ஆள் வேண்டும். என் உத்தியோகத்தில் நான் பெருமையாக நினைப்பது அந்த வேலையைத்தான்.

செம்பனை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு குலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பழம் முற்றுகிற கடைசிச் சில வாரங்களில்தான் சதையில் எண்ணெய் ஊறுகிறது. அவசரப்பட்டு வெட்டினால் எண்ணெய் குறையும். தாமதித்தால் பழம் உதிர்ந்து அடிபட்டு, எண்ணெயில் அமிலம் ஏறும். கச்சா எண்ணெய் வியாபாரத்தில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மலேசிய ஆலைகளில் 100 கிலோ குலைக்கு ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய்தான் கிடைக்கிறது. அதனால் ஒவ்வொரு குலையும் சரியான நாளில் கீழே இறங்கவேண்டும். ஆலையின் தர விதி மிக எளிது: வந்து சேரும்போது குலையில் குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த குழி இருந்தால் அது பழுத்தது, ஒன்றுகூட உதிராமல் இருந்தால் அது பச்சை.

தொண்ணூறுகளில் ஒருமுறை ஆலையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் லோரிகளில் பச்சைக் குலை அதிகம், எண்ணெய் விகிதம் இறங்குகிறது என்று. ஆபிஸில் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். அப்போதுதான் இந்தோனேசியாவிலிருந்து புதிதாக வெட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள். "புதுசா வந்தவனுக்குப் பழுத்தது எது, பச்சை எதுன்னு தெரியல" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். பச்சைக் குலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிப்பதற்கு அறிக்கை தயாராகிவிட்டது. தட்டச்சு செய்யும்படி என்னிடம்தான் கொடுத்தார்கள்.

அதைத் தட்டச்சு செய்வதற்கு முன்னால் ஒரு முழுநீளத் தாளில் கோடு போட்டேன். ஆலை தரும் தரச்சீட்டில் லோரி எண் இருக்கும். எங்கள் சாலைச்சீட்டில் அந்த லோரி எந்தக் காட்டில் பழம் ஏற்றியது என்று இருக்கும். ஆள்வரவுப் பதிவேடான செக்ரோலில் அன்றைக்கு அந்தக் காட்டில் வெட்டியவர் பெயர் இருக்கும். மூன்றும் மூன்று அலமாரியில் இருந்தன. மூன்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவந்தேன். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தாள் நிறைந்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அதே ஆள், அதே அரிவாள். ஒரு காட்டில் வெட்டிய குலைக்குப் புகார் இல்லை. அடுத்த வாரம் வேறொரு காட்டில் வெட்டியதில் பச்சை. புதிய ஆள்களிடம் மட்டும் அப்படி இல்லை. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, கண்ணை மூடிக்கொண்டே குலையை எடைபோடத் தெரிந்த நம்மவர்களுக்கும் அந்தக் காடுகளில் பச்சை வந்திருந்தது. குற்றம் ஆளிடம் இருந்தால் அவன் போகிற காடெல்லாம் அது கூடவே போகவேண்டும். இங்கே ஆள் மாறினாலும் காடு மாறவில்லை. இவ்வளவு தூரம் கணக்கு சொல்லிவிட்டது. அந்தக் காடுகளில் என்ன கோளாறு என்று கேட்டால் கணக்கு வாயைத் திறக்கவில்லை. மரத்தின் வயதைப் பார்த்தேன், வெட்டுச் சுற்றின் இடைவெளியைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். உதிரிப் பழம் பொறுக்கும் அக்காமார் இரண்டு பேர் சாலையோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்டில் ஏன் பச்சை விழுகிறது என்று கேட்டேன். மூத்தவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்னா தம்பி இப்படிக் கேக்குறீங்க? மரத்தைச் சுத்திப் பாருங்க, முழங்கால் மட்டும் புல்லு. பழம் விழுந்திருக்கா இல்லையான்னு வெட்டுறவனுக்கு எப்படித் தெரியும்? நாங்களே கையை விட்டுத் துழாவித்தான் எடுக்குறோம். பாம்பு கெடக்கோன்னு பயமா இருக்கு."

அவ்வளவுதான் விஷயம். வளர்ந்த செம்பனையில் குலை இருப்பது பத்து மீட்டர் உயரத்தில், மட்டைகளின் இடுக்கில். கீழே நிற்பவனுக்குக் குலையின் அடிப்பக்கம் அரைகுறையாகத் தெரியும். நிழலில் நிறத்தை நம்பமுடியாது. ஆகவே வெட்டுகிறவன் மேலே பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பான். மரத்தைச் சுற்றிச் சுத்தமாகச் செதுக்கிய வட்டத்தில் புதிதாக நாலு பழம் கிடந்தால் மேலே குலை தயார். வட்டம் புதர் மண்டிக் கிடந்தால் குத்துமதிப்பாக வெட்டுவான். அப்போது இரண்டு விதத்திலும் தப்பு நடக்கும்: பச்சையைச் சாய்ப்பான், பழுத்ததை விட்டுவிடுவான். பச்சையை ஆலை எண்ணிக் கடிதம் போடும். விட்டுப்போன பழுத்த குலை மரத்திலேயே அழுகும்; அதை எண்ணுவதற்கு யாரும் கிடையாது.

ஆபிஸுக்குத் திரும்பிக் குத்தகைக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். புல் செதுக்கும் வேலை குத்தகைக்காரரிடம் இருந்ததால் அது செக்ரோலில் வராது, தனிப் புத்தகம். சரியாக அந்தக் காடுகளில்தான் செலவைக் குறைப்பதற்காகச் சில மாதங்களுக்கு முன்பு செதுக்குச் சுற்றை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தும்படி எழுதியதும் எங்கள் ஆபிஸ்தான். மிச்சம் பிடித்த பணம் ஒரு பக்கத்தில் வரவாகவும், அதனால் போன எண்ணெய் இன்னொரு பக்கத்தில் தொழிலாளி மேல் குற்றமாகவும் நின்றிருந்தது.

மேனேஜரிடம் தாளைக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் நேர்மையான மனிதர். தாளை இரண்டு தடவை படித்தார், பூட்ஸை மாட்டினார், வாங்க என்றார். மரத்தடியில் தாமே குனிந்து புல்லை விலக்கினார். கறுத்து அழுகிய பழம், உலர்ந்துபோன பழம், இரண்டொன்று முளைவிட்டதும் உள்ளே கிடந்தன. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அந்த அறிக்கையை நிறுத்திவைக்கச் சொன்னார். வட்டங்களைச் செதுக்க ஆள் வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளில் பச்சைக் குலை குறைந்தது. முழுக்க நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் யார் சம்பளத்திலும் கை வைக்காமல் அது குறைந்தது.

இதே உற்சாகத்தில் உதிரிப் பழத்துக்குச் சாக்கின் எடையைப் பார்த்துத் தனிக்காசு கொடுக்க முடிவானது. குலையைவிட உதிரிப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம், ஒன்றுகூட விட்டுப்போகக்கூடாது என்பது எண்ணம். சாக்கு எண்ணிக்கை ஏறியது. கூடவே மண், சருகு, கல்லும் ஏறியது. எடைக்குக் காசு என்றால் வாரிப் போடத்தான் செய்வார்கள். நாலு பிள்ளை வைத்திருக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? இந்த முறை யாரையும் குற்றம் சொல்லும் பேச்சு எழவில்லை. அந்த அக்காமாரையே கேட்டோம். சாலையோர மேடையில் கம்பிவலைச் சல்லடை ஒன்று போட்டுக் கொடுங்கள், சலித்துத் தருகிறோம் என்றார்கள். போட்டுக் கொடுத்தோம்.

இப்படிச் செய்ய எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் வேலையைப் பார்த்து வந்தது அது. அந்த வேலை இன்று எங்கள் தோட்டங்களில் இல்லை. அது போன கதை குளுவாங் வட்டாரத்தின் கதை. தோட்டத் தொழிலில் கணக்கும் கண்ணும் சேர்ந்து எடுத்த முடிவுகளில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

எழுபதுகளில் என் அம்மா பூப்போடும் குழுவில் இருந்தார். இளமரங்களில் ஆண் பாளை குறைவு. அதனால் ஆண் பாளையை வெட்டி, காயவைத்து, மகரந்தத்தைச் சலித்தெடுத்து, முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற வெள்ளைத் தூளோடு கலந்து குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். குப்பியில் ஒரு ரப்பர் குமிழ். பெண்கள் மரம் மரமாகப் போய், முள் மட்டைகளுக்கு இடையில் கையை நுழைத்து, விரிந்த பெண் பாளையைக் கண்டுபிடித்துக் குமிழை அமுக்கித் தூவவேண்டும். பெண் பாளை விரிந்து இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அதற்குள் மறுபடி வரவேண்டும். அம்மா வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கீறிய கோடுகள். சேலையில் சோம்பு வாசம் அடிக்கும், ஏனென்றால் செம்பனைப் பாளை விரிந்தால் அந்த வாசம்தான் வரும்.

அம்மா ஒருநாள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "ஆம்பளப் பாளையில பேன் மாதிரி சின்னச் சின்னப் பூச்சி ஓடுதுடா. அது எங்கெல்லாம் நெறைய இருக்கோ அங்க நாங்க தூவாட்டியும் காய் புடிக்குது."

அதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. கேட்டவர் இல்லை. அந்தக் காலத்து அறிவாளிகள் எல்லாரும் நம்பியது, செம்பனைக்கு மகரந்தம் காற்றில் வருகிறது என்பதுதான்.

அந்த நம்பிக்கையைச் சந்தேகப்பட்டவர் லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை பார்த்தவர். மலாயாவிலும் இருந்தார், மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் இருந்தார், பிறகு சபாவிலும். செம்பனையின் பிறந்த வீடு மேற்கு ஆப்பிரிக்கா. கேமரூனில் யாரும் குப்பியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை, குலைகள் திண்ணென்று காய்த்திருந்தன. ஆண் பாளைகளில் சிறிய கூன்வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. நம் பக்கத்தில் அந்த வண்டு இல்லை. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரப் பூங்காவுக்கு வந்த நான்கு கன்றுகளிலிருந்துதான் தென்கிழக்காசியாவின் செம்பனை பெருகியது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரப் பயிராக நட்டார்கள். மரம் கடல் கடந்து வந்தது. பூச்சி அங்கேயே நின்றுவிட்டது. டேவிட்சன் இதைச் சொன்னபோது விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. நிறுவனத்தில் உயர்ந்த பதவிக்கு வந்த பிறகுதான் அவரால் ஓர் ஆராய்ச்சிக்கு வழிசெய்ய முடிந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அந்த வேலையை ஏற்றவர் ரஹ்மான் சையத். பாகிஸ்தானியர், பூச்சியியலாளர், காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் செய்தவற்றை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது. காற்று புகும், பூச்சி புகாது என்ற மாதிரி பாளைகளை மூடிவைத்துப் பார்த்தார். காய்ப்பிடிப்பு மிகக் குறைவு. காற்று என்ற கதை அதோடு முடிந்தது. தீபகற்ப மலேசியாவில் அதுவரை மகரந்தத்தைச் சுமந்துகொண்டிருந்தது இலைப்பேன் என்ற மிகச் சிறிய பூச்சி என்றும் அவர் கண்டார். அதாவது என் அம்மா பார்த்த பூச்சி. பிறகு கேமரூனின் பல வண்டுகளில் எது அதிகத் திறமையானது என்று ஒப்பிட்டார். எலைடோபியஸ் கமெருனிகஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தார். உடனே கொண்டுவந்து விட்டுவிடவில்லை. அந்நியப் பூச்சி வந்து நெல்லையோ தென்னையையோ தின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எந்தக் குடியானவனுக்கும் வருவதுதான். அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். மற்றப் பயிர்களில் அது வாழுமா என்று சோதித்தார்கள், நோயைக் கொண்டுவருமா என்று தனியே அடைத்துவைத்துப் பார்த்தார்கள். செம்பனையின் ஆண் பாளையைத் தவிர வேறெதிலும் அது குஞ்சு பொரிக்கவில்லை என்று உறுதியான பிறகே அரசாங்கம் அனுமதித்தது.

1981 பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்தில் அந்த வண்டை விட்டார்கள். அதே ஆண்டில் சபாவின் பாமோல் தோட்டத்திலும் விட்டார்கள். ஓர் அரிசியைவிடச் சிறிய வண்டு. ஓராண்டுக்குள் தீபகற்பம் எங்கும் பரவிவிட்டது. சுமார் பாதியளவாக இருந்த காய்ப்பிடிப்பு 70 விழுக்காட்டைத் தாண்டியது. குலை கனத்தது. பருப்பு அளவுக்கு மீறி வந்து, அதைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள் போதாமல் ஆலைகள் திணறின. பூப்போடும் வேலை அடியோடு நின்றது.

இந்த முடிவில் எனக்குக் குறை ஒன்றுதான். பாளைகளை எண்ணினார்கள், வண்டுகளை எண்ணினார்கள், குலையை நிறுத்தார்கள், மிச்சமான ஆள்கூலியைக் கணக்கிட்டார்கள். அந்த ஆள்கள் இனி எங்கே போவார்கள் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. மரத்துக்கு மரம் முள்ளில் கையை விட்ட பெண்கள், மரத்தைப் பற்றி யாரையும்விட அதிகம் தெரிந்தவர்கள், வேலையை இழந்து கிடைத்த குழுவில் சேர்ந்தார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் மருந்தடிக்கும் குழுவுக்குப் போனார்கள். என் அம்மாவும் போனார்.

முதுகில் தொட்டி, களைக்கொல்லி பாராகுவாட். சாயங்காலம் மூக்கில் ரத்தம் வரும். நகம் மஞ்சளாகி, பிளந்து, கழன்றுவிடும். சோறு பிசைந்தால் விரல் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். ஆபிஸ் புத்தகத்தில் எத்தனை லிட்டர் மருந்து, எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்று இருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாவிடம் இன்னொரு புத்தகம் இருந்தது: பெயர், நோவு, கொடுத்த மருந்து. இரண்டு புத்தகமும் இருந்தது கூப்பிடு தூரத்தில். இரண்டையும் சேர்த்துவைத்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பச்சைக் குலைத் தாள் கொடுத்த தைரியத்தில் பின்னாளில் அதை நான் செய்தேன். டிரெசர் ஐயா முதலில் தயங்கினார், பிறகு புத்தகத்தைத் தந்தார். மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், தோல் வெடிப்பு என்று வந்த பெயர்களுக்கு எதிரே அவர்கள் எந்தக் குழு என்று குறித்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலும் மருந்தடிக்கும் பெண்களே. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, இதை எழுத ஒரு தாள் தேவையா என்று கேட்கலாம். தேவைப்பட்டது. பேச்சாகச் சொன்னபோது பல வருடம் அசையாத ஆபிஸ், தாளாகப் பார்த்ததும் வேலைக்காட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் சவர்க்காரமும் கையுறையும் அனுப்பியது. ஒரே ஆளைத் தொடர்ந்து மருந்தடிக்க விடாமல் மாற்றி மாற்றிப் போட்டது. மருந்து மட்டும் மாறவில்லை. அது ஒரு கிராணியின் தாளுக்கு அடங்குகிற விஷயமல்ல. தெனாகானித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களை நேரில் கண்டு ஆய்வு செய்து, அதை 2002இல் வெளியிட்டது. அரசாங்கம் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் மலேசியாவில் தடையானது. என் அம்மாவின் நகங்களுக்கு அது மிகவும் பிந்தி வந்த செய்தி.

எண்ண வேண்டும் என்ற மனம் இருந்தால் எண்ணலாம் என்பதற்கு இதே மண்ணில் பழைய சாட்சி உண்டு. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901இல் கிள்ளானுக்கு வந்தபோது மலேரியா நம் பாட்டன்மாரைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் காட்டை வெட்டி, சதுப்பை வடித்தார், காய்ச்சல் அடங்கியது. அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணினார். எந்த இடத்தில் தோற்றோம் என்று அந்த எண் காட்டியது. ஏன் தோற்றோம் என்பதற்கு ஓடைக்கரையில் குனியவேண்டியிருந்தது. சமவெளியில் காய்ச்சலைப் பரப்பிய கொசு நிழல் படிந்த சதுப்பில் வளர்வது. மலைப்பக்கத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. காட்டை வெட்டி வெயிலை விட்டதும் அதற்குக் கொண்டாட்டம் ஆகிவிட்டது. பிறகுதான் ஓடைகளை நிலத்தடிக் குழாயில் விடுவதும், நீரில் எண்ணெய் தெளிப்பதும் வந்தன.

இப்போது தோட்டங்களில் ஆளில்லா விமானம் பறந்து மரத்தை எண்ணுகிறது. மண்டோர் கைப்பேசியில் குலைக் கணக்கைப் பதிகிறார். நான் மூன்று அலமாரிகளிலிருந்து ஒரு தாளுக்குக் கொண்டுவந்ததை இன்றைய பிள்ளைகள் ஒரு தட்டில் திரையில் பார்த்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான். கூலாய், செடெனாக் பக்கம் பழைய செம்பனை நிலங்களில் பெரிய தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. நம் பிள்ளைகள் பாசிர் கூடாங் ஆலைகளிலும், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் அலுவலகங்களிலும், இந்த மையங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் நாளைக்கு மற்றவர்களின் வேலையை எண்ணும் இடத்தில் உட்காருவார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய சம்பளத்தையாவது குறைக்கச் சொல்லியோ, யாருடைய வேலையையாவது நிறுத்தச் சொல்லியோ ஓர் எண் உங்கள் முன்னால் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வேலை நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே இருப்பவரில் வயதில் மூத்தவரிடம் பேசுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், என் வயதுக்காரர்களுக்கு. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்பு நிலமாகும்போது பழைய ஆபிஸ் புத்தகங்களைக் குவித்து எரிக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் செக்ரோலும் மழைப் புத்தகமும் டிரெசர் ஐயாவின் நோட்டும் அப்படித்தான் போயின. நம் அம்மாக்கள் என்ன வேலை செய்தார்கள், எதனால் நோயுற்றார்கள் என்பதற்கு அவைதான் எழுத்துச் சாட்சி. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ, இடிக்கப்போகும் ஆபிஸ் அலமாரியிலோ அப்படி ஒரு புத்தகம் இருந்தால் எரிக்க விடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்கோ, தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். பூப்போடும் குழுவில் இருந்த பெண்களில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். பலருக்கும் எழுபது வயதுக்கு மேல்.